மூன்று விரல் இடைவெளி

காலையில் எழுந்தால் மற்றவர்கள் முகம் கழுவுவார்கள், டீக்குத் தண்ணீர் வைப்பார்கள். மெர்வ் காற்றடிக்கப் போவான். பிக்கப்பின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நம்பர் பிளேட் ஓரமாக இருந்த, அடியிலுள்ள காற்றுப்பைகளுக்குப் போகும் இரண்டு சின்ன வால்வுகளிலும் குழாயைச் செருகி, கம்ப்ரசரை உறுமவிடுவான். அந்தச் சத்தத்தில் பயணிகள் முகாமே எழுந்து அவனைத் திட்டும். அவனுக்கென்ன! பத்தடி தள்ளிப் போய், இடுப்பில் கை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான். பிக்கப்பும் அதன் கொக்கியில் மாட்டிய கேரவன் என்ற சக்கர வீடும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். நின்றுவிட்டால் ஊரையே விலைக்கு வாங்கியவன் மாதிரி ஒரு முகம் வரும் பாருங்கள், அதைப் பார்க்கத்தான் அவன் பெண்டாட்டி நோலின் தினமும் கேரவன் படியில் வந்து உட்காருவாள்.

அன்றைக்குப் பிக்கப்பின் வால் மறுபடியும் தாழ்ந்திருந்தது.

"நேத்து அடிச்ச காத்து எங்க போச்சு?" என்றாள் நோலின்.

"எங்கயோ ஊசி ஓட்டை இருக்கு. கசியுது."

"பையிலயா, உன் மண்டையிலயா?"

"காலங்காத்தால ஆரம்பிக்காத, நோல்."

அவள் எழுந்து வந்தாள். நடக்கும்போது வலது கையால் வயிற்றோரத்தை லேசாகப் பிடித்துக்கொள்வாள். டாக்டர்கள் வயிற்றில் குழாய் வைத்ததிலிருந்து அப்படி ஒரு பழக்கம். பிக்கப்பின் முன் கேபினுக்கும் சாமான் ஏற்றும் பின் தொட்டிக்கும் நடுவே, மேல் பக்கம், ஒரு சந்து இருக்கும். அதில் கையை வைத்துக் காட்டினாள்.

"வீட்டுலருந்து கிளம்பறப்ப இதுல ஒரு விரல்தான் போச்சு. உன் சாவியைத் தேடறப்ப வெச்சுப் பாத்தேன். இப்ப மூணு விரல் போகுது, பாரு."

"உன் விரல் இளைச்சுப்போச்சு."

"அடப்பாவி மனுஷா! கீழ பாரு, அங்க சந்தே இல்ல. மேல மட்டும் விரிஞ்சிருக்கு."

மெர்வ் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியவனுக்கு, பஸ்ஸில் ஏறினால் தூங்கிவிடுகிற பெண்டாட்டி வந்து வண்டியைப் பற்றிச் சொல்வதா? இன்னும் இரண்டு நிமிஷம் கம்ப்ரசரை ஓடவிட்டான். வால் எழுந்தது. மட்டம் வந்துவிட்டது. அவன் முகத்தில் அந்தத் திருப்தியும் வந்தது.

நோலினின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டு நான்கு வருஷம் ஆகிறது. ஒரு நாளைக்கு நான்கு தடவை, இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீர் உள்ள ஒரு பையைக் குழாய் வழியாக அவள் வயிற்றுக்குள் இறக்க வேண்டும். உள்ளே அது ரத்தத்திலுள்ள கழிவை இழுத்து வைத்துக்கொள்ளும். பிறகு அதை வெளியே வடித்துவிட்டு அடுத்த பை. இது நின்றால் அவள் நின்றுவிடுவாள். பட்டியலில் பேர் இருக்கிறது. பொருத்தமான சிறுநீரகம் கிடைத்தால் அடிலெய்ட் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். வரும், வரும் என்று நான்கு வருஷமாகப் போனைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினார்கள்.

இந்த வருஷம் வடக்கே பாலைவனத்தில் மழை கொட்டி, காய்ந்து கிடந்த உப்பு ஏரி கடலாக நிரம்பியிருக்கிறது என்று செய்தி வந்தது. எப்போதோ ஒரு முறைதான் அப்படி நிரம்பும். "எனக்கு அதைப் பாக்கணும், மெர்வ்" என்றாள் நோலின். நான்கு வருஷத்தில் அவள் கேட்ட முதல் ஆசை. அவன் மறு நாளே கேரவனை ஓடைக் கரைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்தான்.

மருந்துக் கம்பெனி, தண்ணீர்ப் பெட்டிகளைப் பாதியில் ஒரு ஊரில் கொண்டுவந்து இறக்குவதாகச் சொன்னது. ஊர் சுற்றும் நோயாளிகள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். மெர்வ் தலையை ஆட்டிவிட்டு வந்து, ஒரு மாதத்துக்கு உண்டான அத்தனை பெட்டிகளையும் பின் தொட்டியில் அடுக்கினான். முதல் வருஷம் ஒரு தடவை லாரி வரவில்லை. நுரையீரலில் நீர் கோத்து, அவள் மூச்சுக்குத் தவித்ததைச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பார்த்தவன் அவன். அந்தப் பயம் அவனை விட்டுப் போகவே இல்லை.

பெட்டி அடுக்கி, கேரவனையும் மாட்டியதும் பிக்கப் பின்பக்கம் தரையில் உட்கார்ந்த நாய் மாதிரி உட்கார்ந்துவிட்டது. முகப்பு விளக்கு மரத்து உச்சியைக் காட்டியது. அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கெல்வின் காற்றுப்பை யோசனையைச் சொன்னான். விபத்து நேர்ந்தால் முகத்துக்கு முன்னால் வெடிக்கிற பை இல்லை இது. பின் அச்சுக்கும் வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒன்றாக வைக்கிற தடித்த ரப்பர் பை. காற்றடித்தால் வால் எழும்பும். இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை மல்லாந்து கிடந்து மாட்டிவிட்டார்கள். பையோடு வந்த தாளில், கேரவனைக் கழற்றினால் காற்றையும் உடனே இறக்கு என்று சிவப்பில் போட்டிருந்தது. அதை மெர்வ் வேதவாக்காக வைத்துக்கொண்டான். அதே தாளில், பை வண்டியின் மட்டத்தைத்தான் உயர்த்தும், அது சுமக்கும் அளவை உயர்த்தாது என்றும் போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டுக் கெல்வினிடம் பீர் கேட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்குத் துணைக்கு ஆளும் சேர்த்துக்கொண்டான், வேறென்ன சொல்ல!

முந்தின நாள் சாயங்காலம் முகாமில் ஐந்து மணிக் கூட்டம். எந்த முகாமானாலும் ஐந்து மணிக்கு அவரவர் நாற்காலியையும் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு வந்து வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். அதற்கு அழைப்பெல்லாம் கிடையாது. நோலின் அன்று ஏரியைப் பார்த்த சந்தோஷத்தில் இருந்தாள். பெலிக்கன் பறவைகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் அழுதுவிட்டதைத் தானே சொல்லிச் சிரித்தாள். பாம் என்று ஒருத்தி, புருஷன் செத்த பிறகு தனியாகவே கேரவன் இழுத்துக்கொண்டு திரிகிறவள், சுருட்டிய சிகரெட்டோடு மெர்வின் பிக்கப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோவ் மெர்வ், பை போட்டிருக்கியா?"

"ஆமா. பாத்தல்ல, எப்படி நிக்குதுன்னு? ஸ்கேல் வெச்ச மாதிரி."

"அதான் பயமா இருக்கு. எடை மேடைல ஏத்தினியா?"

"எதுக்கு? கண்ணுக்கே தெரியுதே, மட்டமா இருக்கு."

"கண்ணுக்கு மட்டந்தான்யா தெரியும், பாரம் தெரியுமா? வண்டிக்கு அடியில இருக்கிற பட்டை வில்லு பாரத்தை ரெண்டு முனையில பிரிச்சுக் கொடுக்கும். உன் பை நடுவுல ஒரே எடத்துல முட்டு கொடுக்குது. முன்னால எஞ்சினு அழுத்துது, பின்னால கேரவன் அழுத்துது. முழங்கால்ல வெச்சுக் குச்சிய ஒடிப்பியே, அது மாதிரிதான்." கொஞ்சம் நிறுத்தி, "எங்க ஆளு இதே ரோட்டுல சட்டத்தை வளைச்சாரு. அவரும் தினம் காலைல காத்தடிப்பாரு. கசியுதும்பாரு" என்றாள்.

வட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மெர்வுக்குக் காது சிவந்துவிட்டது. "உங்க ஆளுக்கு மாட்டத் தெரியல போல" என்றான். செத்துப்போன மனுஷனைப் பற்றி அப்படிச் சொன்னது தப்பு என்று வாயிலிருந்து வந்ததுமே தெரிந்தது. பாம் கோபித்துக்கொள்ளவில்லை. சிகரெட்டை அணைத்துவிட்டு, நோலினிடம் மட்டும் "நாளைக்கு நான் பின்னாலதான் வருவேன், கண்ணு. வண்டிக்கு வண்டி பேசற ரேடியோவைத் திறந்து வெச்சுக்கோ" என்று சொல்லிப் போனாள்.

சரி, காலைக்கு வருவோம்.

காற்றடித்து, நாற்காலிகளை மடக்கி, முகாமை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும், மேட்டில் டீக்காக நிறுத்தினார்கள். நோலின் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். இந்த ரோட்டில் சாதாரண போன் எடுக்காது. அதற்காகச் சாட்டிலைட் போன் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அது வானத்தைப் பார்த்தால்தான் வேலை செய்யும், கூரைக்கடியில் கிடந்தால் வெறும் கட்டைதான். ராத்திரி முழுக்க அது கேரவனுக்குள் மேசையில் கிடந்தது என்பது, மெர்வ் அதை பானெட்மேல் எடுத்து வைத்து, அது உடனே அலறத் தொடங்கியபோதுதான் அவன் மண்டையில் உறைத்தது.

நோலின் எடுத்தாள். ரொட்டியை மெதுவாகத் தட்டில் வைத்தாள். மெர்வ் கிட்டே வந்து நின்றான்.

"லினெட்டா? ... ஆமா, நான்தான். ... நெஜமாவா?"

லினெட் ஆஸ்பத்திரியில் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். அவள் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. "விடியக்காலம்பறலேருந்து கூப்பிடறேன், நோலின்! எங்க போய்ட்டீங்க? வந்திருக்கு. நல்ல பொருத்தம். இனிமே வாயில பச்சத் தண்ணிகூட வெக்காதீங்க. எவ்ளோ தூரத்துல இருக்கீங்க?"

நோலின் மெர்வைப் பார்த்தாள். வெளியூர் போவதென்றால் ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும், திரும்பும் வரை பேரை நிறுத்தி வைப்பார்கள். அவள் சொல்லவில்லை. நிறுத்தி வைத்த வாரத்தில்தான் வரும் என்று அவளுக்கு ஒரு பயம். பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் அந்தப் பயம் உண்டு.

"வடக்க இருக்கோம்" என்றாள். "விமானத்துல வந்துடுவேன்."

"எந்த வடக்க? சரி, விடுங்க. பதினொண்ணுக்குள்ள விமானம் தரையை விட்டு எழும்பியிருக்கணும், அதுக்கு மேல டாக்டர் காத்திருக்க மாட்டாரு. இன்னொருத்தரையும் வரச் சொல்லி வெச்சிருக்கோம், எப்பவும் அப்படித்தான் செய்வோம். ஏறினதும் சொல்லுங்க."

அப்போது மணி ஒன்பதே முக்கால். முக்கால் மணி நேர ஓட்டத்தில் வில்லியம் கிரீக் என்ற குட்டி ஊர். ஒரு மதுக்கடை, ஒரு மண் ஓடுபாதை, ஏரியைச் சுற்றிக் காட்டுகிற குட்டி விமானங்கள். மெர்வ் அங்கே கூப்பிட்டான். பைலட் பையன் விஷயத்தைக் கேட்டதும் மறு பேச்சே பேசவில்லை. "எஞ்சினைச் சூடு பண்ணி வெக்கிறேன், சார். வந்து சேருங்க, போதும்" என்றான்.

"கேரவன இங்கயே விட்டுடு" என்றாள் நோலின்.

அது அவனுக்கும் தெரிந்ததுதான். முட்டுக்காலை ஊன்றி, சங்கிலியைக் கழற்றி, கொக்கியை விடுவித்து, கேரவனை ரோட்டோரம் அநாதையாக விட்டான். அவசரத்தில் ஒரு பூட்டு விரலை நசுக்கி ரத்தம் வந்தது. பாரம் விட்டதும் பிக்கப்பின் வால் துள்ளி எழுந்தது.

"காத்த எறக்கலியா?"

"நேரமில்ல!"

"ரெண்டு நிமிஷந்தானே, மெர்வ். கழட்டறப்பல்லாம் எறக்குவியே."

"ஏறு, நோல்!"

"அப்ப பெட்டியையாவது கீழ தள்ளு. கிட்னி வந்துட்டா இந்தத் தண்ணி எனக்கு எதுக்கு?"

அவன் தொட்டியின் கதவில் கை வைத்தான். வைத்த கை அப்படியே நின்றது. இத்தனை பெட்டிகளையும் இந்தப் புழுதியில் தள்ளிவிட்டு, அங்கே போய் ஏதாவது ஒன்று சரியில்லாமல் போனால்? பொருத்தம் தப்பென்று சொல்லிவிட்டால்? சமையலறைத் தரை அவன் கண்முன் வந்து நின்றது.

"இருக்கட்டும்" என்றான். "எதுக்கும் இருக்கட்டும்."

அந்த ஒரு வார்த்தையைப் பிறகு எத்தனை தடவை அவன் மென்று துப்பியிருப்பான்!

வண்டி பறந்தது. தகரக் கூரை மாதிரி வரிவரியாக எழும்பிக் கிடக்கிற மண்ரோடு அது. நிதானமாகப் போனால் பல்லை ஆட்டும். வேகமாகப் போனால் வரிகளின் முதுகில் வண்டி மிதக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். காற்று முட்டிக் கல்லாகிப்போன இரண்டு பைகளும் துளிகூடக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு அடியும் நேராக இரும்புச் சட்டத்தில் போய் இறங்கியது. பின்னால் பெட்டிகள் திம் திம்மென்று குதித்தன. முதுகுக்குப் பின்னால் கதவு கீச்சிடுவது போல ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்தது.

"அது என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல."

நோலின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்டு எவ்வளவு காலம்! "மெர்வ், எல்லாம் நல்லபடியா முடிஞ்சா நான் என்ன பண்ணப் போறேன் தெரியுமா? ஒரு வாளி உருளக்கெழங்கு வறுவல். உப்பைக் கொட்டி. அப்புறம் ஒரு பெரிய கிளாஸ் தண்ணி, நிறுத்தாம, ஒரே மூச்சுல. யாரும் அளந்து ஊத்தக் கூடாது."

"வாங்கித் தரேன்."

"அப்புறம் இந்த ஏரிக்கு மறுபடி வரணும். பெலிக்கன எண்ணி முடிக்கல."

"வரலாம், கண்ணு. வரலாம்." இன்னும் பாதி தூரம்தான். நேரமும் இருந்தது. கடவுளைக் கூப்பிட்டுப் பழக்கமில்லாதவன் அன்றைக்கு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் கூப்பிட்டான்.

வழியில் குறுக்கிட்ட அந்த ஓடைப் பள்ளம் ஒன்றும் பெரிதில்லை. நேற்றைய வேகத்தில் போயிருந்தால் பேச்சைக்கூட நிறுத்தியிருக்க மாட்டார்கள். மெர்வ் கடைசி நேரத்தில் பிரேக்கை மிதித்தான். வண்டி பள்ளத்தில் இறங்கி எதிர் மேட்டில் மோதி எழுந்தது. பின்னால் கட்டை முறிகிற மாதிரி, ஆனால் இரும்புக் குரலில், ஒரு சத்தம். கேபின் முன்னால் குப்புறச் சாய்ந்தது. அடியில் ஏதோ நெரிந்து, அரைபட்டு, எஞ்சின் மூச்சை விட்டது.

"நோல்! அடிபட்டுதா?"

"இல்ல. எனக்கு ஒண்ணுமில்ல. போ, போ. ஏன் நிறுத்தற?"

அவன் இறங்கிப் பார்த்தான். பிக்கப் முதுகு ஒடிந்து நின்றது. கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே, மேலே, காலை மூன்று விரல் போன சந்தில் இப்போது ஒரு ஆளின் தோளே போகும். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கத்துப் பாலைவனம் தெரிந்தது. தொட்டி பின்பக்கம் சரிந்து வால் மண்ணைத் தொட இருந்தது. பின் சக்கரத்துக்குப் போகிற தண்டு நெளிந்து, சட்டத்தில் சிக்கிக் கிடந்தது. முறிவின் ஓரத்தைத் தொட்டான். கொஞ்சம் இடம்தான் பளபளவென்று புதுசாக இருந்தது. மீதி முழுக்கத் துரு ஏறிய பழைய விரிசல். ஒரு வாரமாக அது விட்டுக்கொண்டே வந்திருக்கிறது. அவன் அதற்குத் தினமும் காலையில் காற்றடித்திருக்கிறான்.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

நோலின் உட்காரவில்லை. போனோடு இறங்கி, வானம் பார்த்து நின்று பைலட்டைக் கூப்பிட்டாள். ரோட்டில் விமானத்தை இறக்க முடியுமா? அந்தப் பள்ளத்துப் பக்கம் ரெண்டு பக்கமும் மணல் மேடு, முடியாது, ஆனால் நானே காரை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றான் பையன். இங்கே வர அரை மணி, திரும்பிப் போக அரை மணிக்கு மேல்; பதினொன்று தாண்டிவிடும். மெர்வ் எழுந்து ரேடியோவைப் பிடித்தான்.

"யாராவது இருக்கீங்களா? ஓடைப் பள்ளத்துல வண்டி ஒடிஞ்சு நிக்கிறோம். என் வீட்டுக்காரிய உடனே வில்லியம் கிரீக் கொண்டுபோகணும். யாராவது கேக்குறீங்களா? தயவு செஞ்சு..."

இரைச்சல்தான் வந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். குரல் கெஞ்சலாகி, அழுகையாகி, பிறகு வெறும் கத்தலாகிவிட்டது. ரோட்டின் இரண்டு பக்கமும் ஓடிப் பார்த்தான். அந்த ரோட்டில் ஒரு வண்டி போய் அடுத்த வண்டி வருவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். வெறும் மண்ணும் வானமும். திரும்பி ஓடிவந்தபோது ரேடியோ கரகரத்தது.

"யோவ் மெர்வ், பாம் பேசறேன். உன் கேரவன் தனியா நிக்குதே, என்னாச்சு?"

"பாம்! வா! எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு வா! நோலினுக்குக் கிட்னி வந்திருக்கு!"

"கழட்டறேன். வந்துட்டே இருக்கேன்" என்றாள் பாம். நேற்றுச் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

அவன் ஓடை மேட்டில் ஏறி நின்று, சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தெற்கே புழுதி தெரிகிறதா என்று பார்த்தான். கீழே நோலின் பேசிக்கொண்டிருந்தாள். காற்றில் துண்டு துண்டாகக் கேட்டது.

"... இல்ல, லினெட், நான் பொய் சொல்லிட்டேன். ... ரொம்ப வடக்க. ... ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் அவரக் காத்திருக்கச் சொல்லு. கார் வருது. ரெண்டு பக்கமும் வருது. ... கேட்டுச் சொல்லு, நான் இப்படியே இருக்கேன்."

போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். வெயில் ஏறியிருந்தது. வெகு தூரத்தில், ரோடு வானத்தைத் தொடுகிற இடத்தில், நூல் போல ஒரு புழுதி எழுந்தது.

"நோல்! பாம் வர்றா! தெரியுது! வர்றா!" மெர்வ் சட்டையைச் சுழற்றிக்கொண்டு கத்தினான். "சொல்லு அவகிட்ட! வண்டி வந்துடுச்சுன்னு சொல்லு!"

கீழே திரும்பிப் பார்த்தான். நோலின் போனை பானெட்மேல் வைத்துவிட்டிருந்தாள். கேபின் கதவைத் திறந்து, சீட்டுக்கடியிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். மூடியைத் திருகி, டீயை ஊற்றி, ஒரு வாய் குடித்தாள்.

மெர்வின் கை தானாகக் கீழே இறங்கியது. வாயில் பச்சைத் தண்ணீர்கூட வைக்காதே என்றல்லவா சொன்னாள் லினெட்.

அவன் இறங்கி வந்ததும் அவளே சொன்னாள். "இன்னொருத்தர் ராத்திரியிலேருந்து சாப்பிடாம ஆஸ்பத்திரில உக்காந்திருக்காங்களாம். அவங்கள உள்ள கூட்டிட்டுப் போய்ட்டாங்க."

"நோல்..."

"என் பேரு பட்டியல்ல அப்படியேதான் இருக்குமாம். இனிமே எங்க இருக்கேன்னு பொய் சொல்ல வேணாமாம்." கப்பை அவனிடம் நீட்டினாள். "குடி. ஆறிப்போச்சு."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றான். திட்டினால் தேவலை. கல்லை எடுத்து மண்டையில் போட்டால்கூடத் தேவலை. நான்கு வருஷம் காத்துக் கிடந்தவளுக்கு வந்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் துப்பில்லாமல், மட்டம் பார்த்து மட்டம் பார்த்து ஒடித்தேனே என்று அவனுக்கு அடிவயிற்றிலிருந்து வந்தது.

பின்னால் போய் மண்டியிட்டான். வால்வு மூடிகளைத் திருகி, ஆணியால் அழுத்தினான். புஸ்ஸென்று காற்று வெளியேறத் தொடங்கியது. இரண்டு பக்கமும் இறக்கி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வால் மெல்லத் தாழ்ந்து, தாழ்ந்து, பம்பர் மண்ணில் போய் உட்கார்ந்தது. அப்போதுதான் அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். நோலின் கேபின் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அழுதாள், சத்தமில்லாமல், முகத்தைத் துடைக்காமல்.

பிறகு அவள் பெட்டிகளைக் காட்டினாள்.

"மெர்வ். அடுத்த பைக்கு நேரமாச்சு."

அவன் எழுந்தான். சரிந்து கிடந்த பெட்டிகளில் மூன்று உடைந்து ஒழுகிக்கொண்டிருந்தன; மற்றவை நன்றாகத்தான் இருந்தன. ஒரு பையை எடுத்து பானெட்மேல் வெயிலில் வைத்து, உடம்புச் சூடு வந்ததா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்தான். புழுதி வராமல் அவள் ஜன்னல்களை ஏற்றிக்கொண்டு, கையைச் சுத்தம் செய்து, முகத்தில் துணி கட்டி, குழாயை இணைத்தாள். பழையது வடிந்து முடிந்தது. பிறகு கதவைக் கொஞ்சமாகத் திறந்து புதுப் பையை வெளியே நீட்டினாள். கேரவனில் அதை மாட்ட ஒரு கொக்கி உண்டு. இங்கே மெர்வ்தான் இருந்தான்.

பையை வாங்கி, இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராக, அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குக் கண் மறைத்தது. பாமின் புழுதி இப்போது நன்றாகப் பெரிதாகத் தெரிந்தது. அதற்கு இனி என்ன அவசரம்!

"மெர்வ்" என்றாள் நோலின் உள்ளிருந்து. "கேபின் படியில ஏறி நில்லு. ஒசரமாத் தூக்கிப் பிடி. மட்டமா பிடிச்சா எறங்காது."